ஆறாம் மாடிப் புகார்

போன் அடித்தது. புகார்ப் பிரிவில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பினார்கள். யார் என்று பார்க்கத் தேவையில்லை. லிஃப்ட் கம்பெனிக்குக் காலை டீ வருவதற்கு முன்னால் வருகிற போன் ஒன்றுதான்.

“ஆறாம் மாடி,” என்றார் மெக்கானிக் அண்ணன். “எடும்மா இன்டர்ன். போன் எடுக்கற பொண்ணு லீவு. இன்னைக்கு இந்தப் பாக்கியம் உனக்குத்தான்.”

ஆபீஸில் அவள் இன்டர்ன். வீட்டில் நண்டு. ஓரிடத்தில் உட்காராமல் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே இருப்பாள் என்று அப்பா வைத்த பெயர்.

இன்டர்ன்ஷிப் முடித்தால்தான் கல்லூரியில் நான்காம் ஆண்டு. ஊரில் இருக்கிற கம்பெனிக்கெல்லாம் எழுதினாள். சிலர் முடியாது என்றார்கள். பலர் அதைக்கூடச் சொல்லவில்லை. விடுமுறை கரைந்துகொண்டிருந்தபோது வா என்று அழைத்தது இந்த ஒரே இடம். அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்டைப் பராமரிக்கும் கம்பெனி. அம்மாவின் பரம எதிரி.

வீட்டில் ‘ஒரு மெஷின் கம்பெனி’ என்று சொல்லி வைத்தாள். ஆபீஸில் எதுவுமே சொல்லவில்லை. முதல் நாளே சொல்லியிருக்கலாம். ஆனால் முதல் நாள்தான், டீ நேரத்தில், யாரோ ஆறாம் மாடி அம்மா போலப் பேசிக் காட்டினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நண்டும் சிரித்துவிட்டாள். சிரித்த வாயால் அது என் அம்மா என்று எப்படிச் சொல்வது?

நாளை கடைசி நாள். போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

மூக்கை லேசாக அடைத்துக்கொண்டு எடுத்தாள். “வணக்கம், புகார்ப் பிரிவு.”

“யாரு புதுசா? அந்தப் பழைய பொண்ணு எங்க?”

“லீவுல இருக்காங்க.”

“இருக்கட்டும் பாவம். என்கிட்ட பேசிப் பேசித் தொண்டை கட்டியிருக்கும். நீ எழுதிக்கோ. ஆறாம் மாடி.”

“எழுதிக்கிட்டேன்.”

“எந்தக் கட்டடம்னு நான் சொல்லவே இல்ல. என்னத்த எழுதிக்கிட்ட?”

நண்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். “உங்க வீடு இங்க எல்லாருக்கும் தெரியும்மா.”

“அது சரி.” அம்மாவின் குரலில் ஒரு பெருமை. “கதவு மூடற மாதிரி வருது. ஒரு விரல் இடம் விட்டு நின்னுடுது. அப்புறம் திறந்துக்குது. என் நாத்தனார் மாதிரி. கிளம்பறேன் கிளம்பறேன்னு சொல்லி மறுபடி உக்காந்துக்கும்.”

நண்டு சிரிப்பை விழுங்கினாள். அத்தையை அவளுக்கும் தெரியும்.

“இன்னைக்கு விளையாட்டு இல்லம்மா,” என்றாள் அம்மா. குரல் இறங்கியது. “எங்க வீட்டுக்காரர் பஸ் டிரைவர். முட்டில ஆபரேஷன் ஆகி வீட்டோட இருக்கார். இன்னைக்குப் பதினோரு மணிக்கு டிப்போவுல டாக்டர் பாக்கறார். நல்லா நடந்து காட்டினா மறுபடி பஸ் குடுப்பாங்க. ஆறு மாடி படி இறங்கிட்டுப் போனா அங்க போய் நொண்டுவார். நொண்டினா அவ்ளோதான்.”

நண்டுக்குத் தெரியும். காலையில் அவள் கிளம்பும்போதே அப்பா சீருடையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் பேட்ஜைச் சட்டைப் பையில் போட்டார். “தேறினா குத்திக்கறேன். அதுவரைக்கும் பையிலயே இருக்கட்டும்,” என்றார்.

“உடனே ஆள் அனுப்பறோம்மா.”

“ஏம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கே. சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்.”

“பொய். சாப்பிட்ட குரல் இப்படி இருக்காது. முதல்ல போய்ச் சாப்பிடு. அப்புறம் ஆள் அனுப்பு.” ஒரு நொடி. “இல்ல இல்ல. முதல்ல ஆள் அனுப்பு.”

போனை வைத்தபோது மேடம் பின்னால் நின்றிருந்தார். குட்டையாக வெட்டிய நரைமுடி. காதில் செருகிய பென்சில். நண்டின் இன்டர்ன்ஷிப் அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டியவர். போடாமல் திருப்பிக் கொடுத்தவரும் அவர்தான். ‘நீ என்னென்ன பண்ணினேன்னு எழுதியிருக்க. என்ன கண்டுபிடிச்சேன்னு எங்க?’ என்று சென்ற வாரம் அறிக்கையைத் தள்ளி வைத்தார். ஒரு லிஃப்டாவது ஏன் நிற்கிறது என்று கண்டுபிடி, பிறகு வா என்றார்.

“மெக்கானிக்கோட நீயும் போ,” என்றார் இப்போது. “எத்தனை தடவை சரி பண்ணாலும் அந்த லிஃப்ட் நிக்குது. ஏன்னு பாத்துட்டு வா. அதுதான் உன் அறிக்கை. நாளைக்குக் கையெழுத்து வேணும்ல?”

நண்டுக்கு இருதலைக்கொள்ளி எறும்பின் நிலை.

மேடம் கையை நீட்டி அவள் காலரிலிருந்து எதையோ எடுத்தார். பளபளவென்று ஒரு சின்னத் தகடு. துணியில் வைத்துத் தைக்கிற சமிக்கி. “இது என்ன, தினம் ஒண்ணு ஒட்டிக்கிட்டு வர்ற?”

“தங்கச்சி... டான்ஸ் ஆடுவா மேடம்.”

அவளுக்குத் தங்கை கிடையாது.

*

படியேறினார்கள். நான்காம் மாடியில் மெக்கானிக் அண்ணன் நின்று மூச்சு வாங்கினார். “இந்தப் படியில ஏறி ஏறியே நான் இளைச்சுட்டேன். என் வீட்டுக்காரி அந்த அம்மாவுக்கு நன்றி சொல்றா.”

ஐந்தாம் மாடிச் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. ‘வீடுகளில் தொழில் நடத்தக் கூடாது. இப்படிக்கு, செயலாளர்.’ ஐந்தாம் மாடியில் குடியிருக்கும் செயலாளருக்கு நண்டின் வீட்டில் ரூல்ஸ் என்று பெயர். அம்மா ஆறாம் மாடியில் தையல் வேலை செய்கிறாள். துணி கொண்டு வருகிறவர்களிடம் யாராவது கேட்டால் சொந்தக்காரர்கள் என்று சொல்லச் சொல்லியிருக்கிறாள். உங்களுக்கு இத்தனை சொந்தமா என்று ரூல்ஸ் ஒருநாள் ஆச்சரியப்பட்டார். எங்க வீட்டுக்காரர் கூடப்பிறந்தவங்க ஜாஸ்தி என்றாள் அம்மா. அப்பா ஒரே பிள்ளை. மேலே சொன்ன நாத்தனார்கூட ஒன்றுவிட்டவள்தான்.

ஆறாம் மாடி. லிஃப்ட் திறந்து கிடந்தது. எதிரில் நாற்காலி போட்டு அப்பா உட்கார்ந்திருந்தார். சீருடை. மழுங்கச் சிரைத்த முகம்.

மகளைப் பார்த்தார். அவள் ஆபீஸில் மட்டும் மாட்டிக்கொள்ளும் கம்பெனிச் சட்டையைப் பார்த்தார். அவருக்கு மட்டும் விஷயம் தெரியும். முதல் வாரமே அவள் கையில் இருந்த கிரீஸை முகர்ந்து, ‘இது இன்ஜின் கிரீஸ் இல்லியே, லிஃப்ட் கயித்துக்குப் போடறதாச்சே’ என்று பிடித்துவிட்டார். அன்றிலிருந்து இருவரும் கூட்டுக் களவாணிகள்.

“வாங்க வாங்க,” என்றார் முகத்தில் சலனமில்லாமல். “மேடம் புதுசா?”

“ஆமா சார்,” என்றாள் நண்டு.

வாசல் திரைச்சீலை விலகியது. அம்மா வந்தாள். கழுத்தில் டேப். உதடுகளுக்கு நடுவே வரிசையாகக் குண்டூசிகள். மகளைக் கண்டதும் கண் விரிந்தது.

குண்டூசிகள்தான் காப்பாற்றின. அம்மா ஒவ்வொன்றாக எடுத்தாள். மணிக்கட்டில் கட்டியிருந்த பஞ்சுத் திண்டில் குத்தினாள். ஒன்று. அடுத்தது. அதற்கடுத்தது. கடைசி ஊசி இறங்கும்போது அவளுக்குள்ளும் ஏதோ இறங்கி உட்கார்ந்துவிட்டது.

“இந்தப் பொண்ணு யாரு?” என்று மெக்கானிக்கைக் கேட்டாள்.

“எங்க இன்டர்ன்மா. காலேஜ்ல படிக்குது.”

“வேலை தெரியுமா?”

“நல்லாக் கத்துக்கிச்சு.”

“அப்படியா? பாத்தா வீட்டுல ஒரு துரும்பை நகர்த்தாத பொண்ணு மாதிரில்ல இருக்கு.”

அப்பாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

நண்டு மண்டியிட்டாள். கதவு ஓடுவதற்குத் தரையில் ஒரு பள்ளம் உண்டு. விரல் அகலம். கதவின் அடிக்கட்டை அதற்குள் நகரும். அதில் தடை இருந்தால் கதவு முழுசாகச் சேராது. கதவு சேராமல் லிஃப்ட் ஓடாது, அது பாதுகாப்பு. கல்லூரியில் படித்தது ஒரு பக்கம். இங்கே பார்த்துப் பழகியது மறு பக்கம். டார்ச்சை அடித்தாள்.

பள்ளம் ஜொலித்தது.

சிவப்பு, நீலம், பொன். கதவு தள்ளித் தள்ளி மூலையில் சேர்த்து இறுக்கிய சமிக்கிகள். நடுவே இரண்டு மூன்று குண்டூசிகள், ஒரு கொக்கி, நூல் சுருள்.

“அடேங்கப்பா,” என்றார் மெக்கானிக். “நகைக்கடையே இருக்கு.”

திறந்த வாசல் வழியாக உள்ளே தெரிந்தது. அறை முழுக்கக் கொடி கட்டித் தொங்கும் சின்னச் சின்னப் பாவாடைகள், மேல்சட்டைகள். ஒரு பள்ளியின் ஆண்டு விழா நடனத்துக்கு அம்மா தைக்கிறாள். அப்பா வீட்டோடு இருக்கும் இந்த மாதங்களில் குடும்பம் ஓடுவது அதில்தான். அளவு பார்க்க வரும் குழந்தைகள் போட்டுப் பார்த்துவிட்டுக் குதித்துக்கொண்டே லிஃப்டுக்குள் போவார்கள்.

அம்மா அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை போன். எத்தனை சண்டை. அவள் கை மெல்ல எழுந்து டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டது.

“இத்தனை தடவை வந்தீங்களே,” என்றாள் மெக்கானிக்கிடம். பழைய சுருதி இல்லை. “இதைச் சொல்லக் கூடாதா?”

“நாங்க ரெண்டு மூணு பேரு மாறி மாறி வருவோம்மா. குப்பைன்னு கூட்டித் தள்ளிட்டு, சரி பண்ணியாச்சுன்னு போயிடுவோம். எங்கேருந்து வருதுன்னு கேக்கத் தோணல.” அவர் நிமிர்ந்தார். அம்மாவின் முன்நெற்றி முடியில் ஒரு சிவப்பு சமிக்கி. அதைப் பார்த்தார். பிறகு நண்டின் தோளைப் பார்த்தார். அங்கே ஒன்று, அதே சிவப்பு. பெட்டியிலிருந்து பிரஷை எடுத்தார்.

கூட்டி, கிளறி, துடைத்து முடித்தார்கள். கதவு ஓசையில்லாமல் வந்து சேர்ந்தது. அப்பா எழுந்தார். ஒரு அடி. இரண்டாவது அடி. நொண்டவில்லை.

“போயிட்டு வரேன்,” என்றார் அம்மாவிடம்.

“நேரா நடங்க. தோளைத் தொங்கப் போடாதீங்க,” என்றாள் அம்மா. அப்போதும் மகள் பக்கம் திரும்பவில்லை.

லிஃப்ட் மூன்று பேரோடு இறங்கியது. மெக்கானிக் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “இன்டர்ன். உன் தங்கச்சி எந்த மாடி?”

நண்டு தலை குனிந்துகொண்டாள்.

“தம்பி, இந்தப் பொண்ணுக்குத் தங்கச்சி இல்ல,” என்றார் அப்பா. “எனக்கு நிச்சயமாத் தெரியும்.”

கீழே அப்பாவை ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள். மெக்கானிக் கருவிப் பெட்டியைத் தோளில் மாட்டினார். “கேளு. கதவு உருளை தேஞ்சு போச்சுன்னு எழுது. உருளையும் பழசுதான். மேடம் கையெழுத்துப் போடுவாங்க. நீ பாட்டுக்கு நாலாம் வருஷம் போலாம்.”

“மறுபடி நிக்குமே அண்ணா.”

“நின்னா நான் வந்து கூட்டறேன். இத்தனை நாள் அதைத்தானே பண்ணேன்?” குரலைத் தாழ்த்தினார். “அறிக்கையோட நகல் கட்டடச் செயலாளருக்குப் போகும். நடைமுறை அது. உண்மையை எழுதினா உங்கம்மா தையல் என்ன ஆகும்னு யோசி.”

அதைத்தான் அவள் ஆறாம் மாடியிலிருந்தே யோசித்துக்கொண்டிருந்தாள். எழுதினால் அம்மாவின் வேலை. எழுதாவிட்டால் லிஃப்ட் மறுபடி நிற்கும். மறுபடி அப்பா நாற்காலி போட்டு உட்காருவார்.

*

ஆபீஸில் அறிக்கைத் தாளை எடுத்து வைத்தாள். ‘கதவு உருளை’ என்று எழுதினாள். பேனா அதற்கு மேல் நகரவில்லை. அடித்தாள். மேடத்தின் மேசை முன்னால் போய் நின்றாள்.

“சமிக்கி,” என்றாள்.

“என்னது?”

“அந்த வீட்டுல தையல் நடக்குது. சமிக்கியும் ஊசியும் கதவுப் பள்ளத்துல விழுது. அதான் காரணம்.” தோளில் இருந்த சிவப்பு சமிக்கியை எடுத்து மேசையில் வைத்தாள். “அது எங்க வீடு. அவங்க எங்கம்மா.”

மேடம் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். “முதல் நாளே ஏன் சொல்லல?”

“எல்லாரும் சிரிச்சீங்க. நானும் சிரிச்சுட்டேன். அப்புறம் சொல்ல முடியல.”

“நானும் சிரிச்சேனா?”

“நல்லாவே சிரிச்சீங்க மேடம்.”

மேடம் வாயைத் திறந்தார். போன் அடித்தது. அறை மொத்தமும் திரும்பியது. மேடமே எடுத்தார், எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

“ஆறாம் மாடி பேசறேன்.”

“மறுபடி நின்னுடுச்சாம்மா?”

“இல்ல. ஓடுது. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

அந்த அறையில் லிஃப்ட் ஓடுகிறது என்று சொல்ல யாரும் போன் செய்ததில்லை. மெக்கானிக் டீயைக் கீழே வைத்தார்.

“காலைல ஒரு பொண்ணு வந்துச்சு. அது கண்டுபிடிச்சது சரி. என் வீட்டுத் தையல்லேருந்து விழுந்ததுதான். யானை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்ட கதைதான் என் கதை. அப்படியே எழுதச் சொல்லுங்க. அது எழுதத் தயங்கும். தயங்கற புள்ள.”

“தயங்கற புள்ளன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“முகத்தைப் பாத்தேன்ல.”

மேடம் நண்டைப் பார்த்தார். நண்டு தரையைப் பார்த்தாள்.

“அப்புறம் மேடம்,” என்றது போன். “அது மத்தியானம் சாப்பிட்டுச்சான்னு கொஞ்சம் பாருங்க.”

வைத்துவிட்டாள். அறையில் யாரும் சிரிக்கவில்லை. மேடத்துக்கு மட்டும் உதடு துடித்தது, அடக்கிக்கொண்டார்.

“எழுது,” என்றார். “கண்டுபிடிச்சது பாதி. திரும்ப வராம இருக்க என்ன வழின்னு மீதியையும் எழுது. சாயந்திரமே நகல் செயலாளருக்குப் போயிடும். அதை நான் நிறுத்த முடியாது.”

“கையெழுத்து?”

“நாளைக்கு. இங்க இல்ல. உங்க ஆறாம் மாடில. நான் லிஃப்ட்லதான் வருவேன். நடுவுல நிக்காம வந்து சேர்ந்தா அங்கயே போடறேன்.” பென்சில் காதுக்குப் போனது. “இப்ப போய்ச் சாப்பிடு.”

*

வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில் குனிந்திருந்தாள். நிலைப்படிக்கு உள்ளே ஒரு பழைய போர்வை விரித்திருந்தது. கையில் நூல் கட்டிய காந்தம். லிஃப்ட் பள்ளத்தின் மேல் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி ஒன்றுகூட ஒட்டவில்லை.

“இனிமே யாரா இருந்தாலும் இந்தப் போர்வை மேல நின்னு உதறிட்டுத்தான் வெளிய போகணும்,” என்றாள். “சொந்தக்காரங்களா இருந்தாலும் சரி.”

“அம்மா.”

“என்ன?”

“எப்பத் தெரிஞ்சுது உனக்கு?”

“நீ வணக்கம்னு சொன்னப்பவே. மூக்கைப் பொத்திக்கிட்டா குரல் மாறிடுமா? பெத்தவகிட்டயே புகார்ப் பிரிவா?” காந்தத்தைச் சுருட்டினாள். “நீ நேர்ல வந்து நிப்பேன்னுதான் தெரியல. ஊசியை முழுங்கியிருப்பேன்.”

“கோவமா?”

“இல்லாம? கட்டடம் முழுக்க நாறப்போற விஷயம். என் பொண்ணா கண்டுபிடிக்கணும்?” பிறகு, வேறு குரலில், “சட்டை உனக்குத் தோள்ல தொங்குது. கழட்டிக் குடு, பிடிச்சுத் தரேன். நாளைக்கு மேடம் வர்றப்ப பாங்கா இரு.”

“மேடம் வர்றது உனக்கெப்படி...?”

“மெக்கானிக் தம்பி போன் பண்ணுச்சு. நம்ம கட்சிக்கு வந்துடுச்சு அது.”

“ரூல்ஸுக்கு அறிக்கை போயிடுச்சும்மா.”

“போகட்டும்.”

சொல்லிவிட்டாளே தவிர, டேப்பின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

லிஃப்டின் மேல் விளக்கு எரிந்தது. யாரோ கீழேயிருந்து வருகிறார்கள். எண் ஏறியது. மூன்று. நான்கு. ஐந்து.

ஐந்தில் நின்றது.

அம்மாவின் கை பழக்க தோஷத்தில் போனைத் தேடிப் போனது. பாதியில் நின்று மகளைப் பார்த்தாள். “இப்ப நான் யார்கிட்ட சண்டை போடறது?”

நண்டு பதில் சொல்வதற்குள் எண் மாறியது. ஆறு. கதவு எந்தத் தயக்கமும் இல்லாமல், முழுசாக, அழகாகத் திறந்தது.

உள்ளே அப்பா. பேட்ஜ் சட்டைப் பையில் இல்லை. நெஞ்சில் இருந்தது. விளக்கு வெளிச்சத்தில் அது சமிக்கிகளையெல்லாம் தோற்கடித்தது.

அம்மா ஒரு அடி முன்னால் வைத்தாள். அப்போதுதான் அப்பாவின் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தாள். ரூல்ஸ். ஐந்தாம் மாடியில் ஏறியிருக்கிறார். முகம் அறிவிப்புப் பலகை போல இருந்தது.

“அறிக்கை வந்துச்சு,” என்றார். மூடியிருந்த கையை விரித்தார். உள்ளங்கையில் ஒரு நீல சமிக்கி. “இது எங்க மாடியில கிடந்தது. உங்க சொந்தக்காரங்களோடதா?”

அப்பா பேட்ஜைக் கையால் மூடிக்கொண்டார்.

அம்மா ரூல்ஸின் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே பார்த்தாள். அவருடைய இடது கால்சட்டையின் மடிப்பு பிரிந்து செருப்பில் மிதிபட்டுக்கொண்டிருந்தது. எத்தனை நாளாகவோ.

கழுத்திலிருந்து டேப்பை எடுத்தாள்.

“உள்ள வாங்க,” என்றாள். “போர்வை மேல நில்லுங்க.”